கப்பல் வராத துறைமுகமா?

கேள்வி: உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் திருகோணமலையும் ஒன்று என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படிக்கிறோம். கப்பல்களோ கொழும்புக்குத்தான் போகின்றன. பிறகு இது என்ன துறைமுகம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: ‘இயற்கை’ என்ற சொல்லைக் கழற்றிவிட்டுக் கேட்கிறீர்கள். ஆழமும் காற்றுக்கு மறைப்பும் இயற்கை தந்தவை. வியாபாரம் அதோடு ஒட்டிக்கொண்டு வராது.

கார்த்திகையில் வாடை அடிக்கும்போது டச் பே கடற்கரையில் போய் நின்று பாருங்கள். மணல் முகத்தில் அறையும், தோணி இறக்க நினைக்கவும் முடியாது. அப்படியே நகரைக் குறுக்கே கடந்து உட்துறைமுக வீதிக்கு வாருங்கள், நடந்தே வரலாம். தண்ணீர் சலசலத்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். பாய்மரப் போர்க்கப்பல்கள் தேடி வந்தது இதைத்தான். சென்னைக் கரையில் அந்த மாதங்களில் ஒதுங்க இடமில்லை. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தார்கள், அவர்களிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பறித்தார். 1795இல் மறுபடி பிடித்த ஆங்கிலேயர், நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் 1957 வரை கடற்படைத் தளத்தை விடவில்லை. இவர்களில் யாரும் மூட்டை ஏற்ற வந்தவர்கள் அல்லர்.

கொழும்பு நேர்மாறு. கச்சான் காற்றுக்குத் திறந்து கிடந்த கரை அது. ஆனால் 1867இல் கண்டி ரயில் வந்துவிட்டது, மலைநாட்டுத் தோட்டச் சரக்கு தானாக இறங்கியது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கல்லைக் கொட்டி அலைதடுப்பு கட்டத் தொடங்கினார்கள். திருகோணமலைக்கு ரயில் வந்ததே 1927இல்! தீவின் தெற்கே போகும் கப்பலுக்கு இங்கே வருவது சுற்றுவழி வேறு.

கப்பலே வருவதில்லை என்பதும் சரியல்ல. சீனக்குடாப் பக்கம் போனால் மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் நிற்கும். எண்ணெய் வருகிறது, சீமெந்துக்குக் கிளிங்கர் வருகிறது. பெட்டி அடுக்கிய கப்பல்தான் கப்பலா?

அந்தப் பெட்டிகளும் வேண்டுமென்றால், அவற்றை இறக்கப் பாரந்தூக்கி, அடுக்க முற்றம், ஏற்றிப்போக வீதி, எல்லாவற்றுக்கும் மேலாக வாங்கவும் விற்கவும் ஆட்கள் வேண்டும். அவை ஏன் இங்கே இல்லை என்று அடுத்த தேர்தலில் வீட்டுக்கு வருபவரிடம் கேளுங்கள். ‘உலகின் சிறந்த துறைமுகம்’ என்று அவர் ஆரம்பித்தால், இடைமறித்துக் கேளுங்கள்.