ஊர்க் காட்டுக்கு ஊர் பேரில் உரிமை: மனு போடும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் மலையூரில் 60 குடும்பம். சிலருக்கு வன உரிமைச் சட்டப்படி தனிநபர் பட்டா வந்துவிட்டது. ஆனால் தேன், கடுக்காய், சீமாற்றுப் புல் எடுக்கும் காட்டுக்கு எந்தத் தாளும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களும் அதே காட்டுக்குத்தான் வருகிறார்கள். ஊர் பேரில் உரிமை கிடைக்குமா?

கிடைக்கும். 2006 வன உரிமைச் சட்டத்தில் சமூக வன வள உரிமை, அதாவது ஊர் வழக்கமாகப் புழங்கும் காட்டை ஊரே காத்து நிர்வகிக்கும் உரிமை, என்று தனியாகவே இருக்கிறது, அதற்கு சி படிவம். தனிநபர் நிலத்துக்குத்தான் 4 ஹெக்டேர் உச்சவரம்பு. இதற்குக் கிடையாது, நீங்கள் வழிவழியாகப் புழங்கிவரும் எல்லை எதுவோ அதுதான் அளவு. காப்புக்காடு, சரணாலயம் என்றாலும் கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்தின் மேண்டா லேகா ஊர் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு இப்படித்தான் உரிமை வாங்கியது.

முதலில் சபை. மொத்த ஊராட்சிக்கும் ஒரே கிராம சபை என்றால் மலையூரின் குரல் அமுங்கிவிடும். அரசின் ஊர்ப் பட்டியலில் வராத பழைய குடியிருப்பும் இந்தச் சட்டத்தில் 'கிராமம்'தான், அதனால் உங்கள் ஊருக்கே சபை கூட்டும்படி ஊராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

பெண்கள் கணக்குக்கு மட்டும் வந்து உட்கார்ந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். ஒரு ஊரில் ஆண்கள் தரையில் சாக்குக் குச்சியால் வரைபடம் போட்டார்கள்; தேன் பாறை, மாட்டுப் பாதை, கோயில், அவ்வளவுதான். அப்புறம் வந்த ஒரு பாட்டி குச்சியை வாங்கி ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டம் போட்டு, கோடையில் வற்றாத ஊற்று இங்கேதான், கிழங்கு தோண்டுவதும் இங்கேதான் என்றார். எல்லைக் கோடு ஓடையைத் தாண்டிப் போனது. அவர் வராமல் இருந்திருந்தால் அந்தச் சரிவு மனுவிலேயே இருந்திருக்காது.

சரி, பக்கத்து ஊர். இங்கேதான் பல மனுக்கள் வருஷக்கணக்கில் நின்றுவிடுகின்றன, அதனால் தாள் எழுதும் முன்பே போய்ப் பேசுங்கள். ஒரே காட்டை இரண்டு ஊர் புழங்கினால் இரண்டு ஊர்க் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து, யார் எதை எப்போது எடுக்கிறார்கள் என்று பார்த்து, முடிவை எழுத்தில் தத்தம் சபைக்குத் தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. வேலி போட்டுப் பிரிக்க வேண்டியதில்லை: தேன் உங்களுக்கு, மேய்ச்சல் இருவருக்கும், ஓடைத் தண்ணீர் இருவருக்கும் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடலாம். பேசியும் முடியாவிட்டால்தான் கோட்ட அளவிலான குழுவுக்கு, அதாவது சபை அனுப்பும் மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவுக்கு, போக வேண்டும்.

சான்று இரண்டு வகையாவது வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குங்கள். இடுகாடு, பழைய கிணறு, சாமி மரம், இடிந்த சுவர் எல்லாமே சான்றுதான். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், அந்தப் படம் மற்ற சான்றுக்குத் துணைதானே தவிர மாற்று இல்லை என்று விதியைக் காட்டுங்கள்.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் தேதி போட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். அவர்கள் வராமல் இருந்துவிட்டுப் பிறகு ஆட்சேபம் சொன்னால் மறு ஆய்வு நடக்கும், அதற்கும் வராவிட்டால் ஆய்வில் சபையின் முடிவே இறுதி. அந்த முத்திரை இல்லாமல் கடிதம் கொடுத்ததை நிரூபிக்க முடியாது.

கோட்டக் குழு மறுத்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். வாய்ச்சொல்லாக 'ஆகாது' என்று திருப்பி அனுப்பினால் அங்கேயே நின்று காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.