சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டால் வேகம் குறையுமா?

கேள்வி: அண்ணா, என்னுடைய பழைய ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் வண்டி) இருப்பது 144 அங்குல ட்ராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை), அதன் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் லக்கின் உயரம் 2 அங்குலம். ஆழமான பனியில் புதைந்துவிடுகிறது. 2.5 அங்குல லக் உள்ள ட்ராக் ஒன்று நல்ல விலைக்குக் கிடைக்கிறது. அதைப் போட, ட்ராக்கைச் சுழற்றும் பல்சக்கரமான 8 பல் டிரைவ் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதிலாக 7 பல் வேண்டும் என்கிறார்கள். சரியா? வேகம் குறையுமா?
– வாசகர், சட்பரி, ஒன்ராறியோ

பதில்: தம்பி, காசு கொடுப்பதற்கு முன்னால் ட்ராக்கின் பிட்சை அளந்து பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு லக் வரிசைக்கு நடுவே உள்ள தூரம்தான் பிட்ச். 144 என்ற பெயரில் 2.52 அங்குல பிட்சிலும் ட்ராக் வருகிறது, 2.86-இலும் வருகிறது, ஒன்றின் ஸ்ப்ராக்கெட்டில் மற்றது ஓடவே ஓடாது. ஒரு வரிசையை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், பத்து பிட்ச் சேர்த்து டேப் பிடியுங்கள், 25.2 அல்லது 28.6 என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

உங்களுடையது 2.86 என்றே வைத்துக்கொள்வோம். 8 பல்லிலிருந்து 7-க்கு இறங்கினால் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் ஏறக்குறைய 0.45 அங்குலம் குறைகிறது, லக் கூடுவது அரை அங்குலம், ஆக லக்குக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இப்போது இருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். ஆனால் அந்த இப்போதைய இடைவெளியே குறைவென்றால் வேண்டாம். வேகத்தில் ட்ராக் வெளியே உப்பும், முன்னால் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (கூலன்டைக் குளிர்விக்கும் பகுதி) லக் அடித்தால் அதைக் கிழித்துக் கூலன்டை ஒழுக்கிவிடும்.

வேகம் குறையும். ஒரு சுற்றுக்கு 22.88 அங்குலம் ஓடிய ட்ராக் இனி 20.02 அங்குலம்தான் ஓடும், அதாவது அதே சுழற்சியில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது, இழுவை ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. ஆழப் பனிக்கு அது நல்லதுதான், நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். இறுகிய பனிப் பாதையான டிரெயிலிலும் நிறைய ஓட்டுவீர்கள் என்றால் செயின்கேஸ் (ஸ்ப்ராக்கெட் ஏறியிருக்கும் டிரைவ் ஷாஃப்டுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் செயின் பெட்டி) கியரை மாற்றுங்கள்: உதாரணமாக மேலே 19, கீழே 43 இருந்தால் 21, 41 போட்டால் பழைய விகிதத்துக்கு மிக அருகில் வந்துவிடும், மொத்தப் பல் 62 மாறாததால் பெரும்பாலும் அதே செயின் போதும். ஸ்பீடோமீட்டர் டிரைவ் ஷாஃப்டிலிருந்து எடுப்பதாக இருந்தால் உண்மையில் 70 போகும்போது 80 காட்டும், ஞாபகம் வையுங்கள்.

எல்லோரும் சறுக்குவது ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்டில் ஏற்றும்போதுதான். பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொன்றும் ஷாஃப்ட் முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஷாஃப்ட் ஆறு பக்கம், ஸ்ப்ராக்கெட் 7 பல், அதனால் ஆறு நிலைகளில் ஒன்றே ஒன்றில்தான் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டின் பல்லோடு நேர்கோட்டில் நிற்கும். ஒரு பக்கம் தள்ளி ஏறிவிட்டாலும் ட்ராக்கைக் குதறும், அதிரும். குறி பார்த்து, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள மெஷின் ஷாப்பில் ஏற்றச் சொல்லுங்கள், சுத்தியல் வேண்டவே வேண்டாம். எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள், வெளிப் பற்களும் ட்ராக்கைப் பிடிக்கும் எக்ஸ்ட்ரோவர்ட் வகையையே வாங்கிவிடுங்கள், திடீரென முடுக்கும்போது பல் நழுவாது. ஷாஃப்ட் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடலாம்.

புது ட்ராக் கொஞ்சம் ஓடியதும் தளரும். முதல் ஓட்டம் முடிந்ததும் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கி, நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி ஓடவிடும்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.