‘தம்பி அடித்த பையன்’ ஆங்கிலத்தில் யார்? மனிதரைக் குறிக்கும் செயப்பாட்டு வினை பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சி மாவட்டப் பாடசாலைகளில் நீண்டகாலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மனிதரைக் குறித்து ‘ஹூ’ என்று தொடங்கும் ரிலேட்டிவ் குளோசுக்குள் (பெயரை விளக்கும் துணை வாக்கியத்துக்குள்) செயப்பாட்டு வினையை எப்படி அமைப்பது என்பதே பெரும்பாலானோருக்குச் சிக்கலாக இருக்கிறது.

கேள்வி (மாங்குளத்திலிருந்து ஓர் உயர்தர மாணவி): ரீச்சர், ‘பொலிஸார் கைது செய்த ஆள் விடுவிக்கப்பட்டார்’ என்பதை ‘த மேன் ஹூ அரெஸ்டட் வோஸ் ரிலீஸ்ட்’ என்று எழுதினேன். பிழை என்று திருத்தியிருந்தார்கள். ஏன்?

பதில்: பிள்ளை, தமிழ்ப் பெயரெச்சம் பழக்கிய வழியில் ஆங்கிலத்தை எழுதியதால் வந்த பிழை இது. ‘தம்பியை அடித்த பையன்’ என்றால் பையன் அடித்தவன். ‘தம்பி அடித்த பையன்’ என்றால் அவன் அடி வாங்கியவன். இரண்டிலும் ‘அடித்த’ என்ற சொல் மாறவில்லை. தம்பியோடு ஒட்டிய ‘ஐ’ உருபே பொருளைத் தீர்க்கிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது. ‘ஹூ’வுக்கு அடுத்து நேராக வினை வந்தால் அந்த ‘ஹூ’தான் எழுவாய், ஆகவே நீங்கள் எழுதிய வாக்கியத்தில் அந்த ஆள் வேறு யாரையோ கைது செய்தவராகிவிடுகிறார். அவர் கைதானவர் என்றால் ‘ஹூ வோஸ் அரெஸ்டட்’ என்று, ‘வோஸ்’ஸும் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்தே வரவேண்டும். முழு வாக்கியம் ‘த மேன் ஹூ வோஸ் அரெஸ்டட் வோஸ் ரிலீஸ்ட்’ என்று அமையும். ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘வோஸ்’ வருவதைக் கண்டு பயந்து ஒன்றை வெட்டிவிடும் பிள்ளைகளை நான் வகுப்பில் நிறையக் கண்டிருக்கிறேன். வெட்டவேண்டாம், முதல் ‘வோஸ்’ ‘ஹூ’வுக்கு உரியது, இரண்டாவது ‘த மேன்’ என்பதற்கு உரியது.

கேள்வி (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி): வேலை விண்ணப்பத்தில் ‘ஹூம் வோஸ் செலக்டட்’ என்று எழுதினால் மரியாதையாக இருக்குமா?

பதில்: ‘ஹூம்’ மரியாதைச் சொல்லன்று, தம்பி. அது செயப்படுபொருளைக் குறிப்பது. ‘ஹூம் த கொமிட்டி செலக்டட்’ என்பது சரி, ஏனெனில் அங்கே தெரிவு செய்தது குழு. செயப்பாட்டு வினைக்கு மாற்றிய உடனே அந்த மனிதர் எழுவாயாகிவிடுவதால் ‘ஹூ வோஸ் செலக்டட்’ என்றே எழுதவேண்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மாதர் சங்கச் செயலாளர்): ‘வீடு வழங்கப்பட்ட குடும்பங்கள்’ என்பதை அறிக்கையில் எப்படி எழுதுவது? வழங்கப்பட்டது வீடுதானே, குடும்பம் அல்லவே?

பதில்: நல்ல கேள்வி. தமிழில் வழங்கப்பட்டது வீடு. குடும்பம் ‘கு’ உருபோடு ஒதுங்கி நிற்கும். ஆங்கிலத்தில் ‘கிவ்’ போன்ற வினைகளுக்குப் பெறுபவரும் செயப்பாட்டு வினையின் எழுவாயாக முடியும் என்பதால் ‘த ஃபமிலீஸ் ஹூ வேர் கிவ்ன் ஹவுசஸ்’ என்பதே இயல்பான வாக்கியம். குடும்பங்கள் பன்மை என்பதால் ‘வேர்’. ‘வேர்’ விடுபட்டு ‘ஹூ கேவ் ஹவுசஸ்’ என்று வந்துவிட்டால், வீடு பெற்ற குடும்பங்கள் வீடு கொடுத்தவர்களாக அறிக்கையில் பதிவாகிவிடும்.

கேள்வி (மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்): ‘போரில் இறந்தவர்’ என்பதற்கு ‘ஹூ வோஸ் டைட்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சரியா?

பதில்: பிழை. ‘டை’ செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குச் செயப்பாட்டு வடிவமே இல்லை. இறந்தவர் ‘ஹூ டைட்’, கொல்லப்பட்டவர் ‘ஹூ வோஸ் கில்ட்’. பிறப்பில் இது தலைகீழாகும்: தமிழில் ‘பிறந்தவர்’ என்று செய்வினையாகச் சொல்வதை ஆங்கிலம் ‘ஹூ வோஸ் போர்ன்’ என்று செயப்பாட்டு வடிவத்தில் சொல்கிறது. ‘இடம்பெயர்ந்தோர்’ என்பதும் அப்படியே ‘ஹூ வேர் டிஸ்பிளேஸ்ட்’ ஆகும்.

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஓர் அம்மா): எங்கள் பதாகைகளை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘காணாமல் போனவர்கள்’, ‘காணாமல் ஆக்கப்பட்டவர்கள்’ இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். வேறுபாட்டைக் காட்ட வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா, காட்டத்தான் வேண்டும். ‘ஹூ டிஸப்பியர்ட்’ என்றால் அவர்கள் தாமாகவே காணாமல் போனவர்கள் என்று பொருள்படும். ‘ஹூ வேர் டிஸப்பியர்ட்’ என்றால் வேறு யாரோ அவர்களைக் காணாமல் ஆக்கினார்கள் என்று பொருள். ‘டிஸப்பியர்’ வழமையாகச் செயப்படுபொருள் குன்றிய வினை என்பதால் இதைப் பிழை என்று சொல்பவர்கள் இருப்பார்கள். 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்டீனாவில் நடந்த இராணுவ ஆட்சியில் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களைக் குறித்த ‘தெஸப்பரெசிதோஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லின் செல்வாக்கோடு, ஆங்கிலத்திலும் ‘த டிஸப்பியர்ட்’ என்ற வழக்கு நிலைபெற்றுவிட்டது. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்று, 2016இல் இலங்கையும் இணைந்த உடன்படிக்கையின் பெயரிலேயே ‘என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்’ என்ற தொடர் இருப்பதால், ‘பீப்பிள் ஹூ வேர் ஃபோர்சிப்ளி டிஸப்பியர்ட்’ என்று நீங்கள் தயங்காமல் எழுதலாம். தமிழில் ‘போ’ என்பதை ‘ஆக்கு’ என்று மாற்றி, அதன்மேல் ‘படு’வையும் சேர்த்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பாரம் முழுவதையும் ‘வேர்’ என்ற ஒரு சின்னச் சொல்லே சுமக்கிறது. அது விடுபட்டால், 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் போராடும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கேட்டுவரும் கேள்வியே மறைந்துபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘கையளிக்கப்பட்டு, அதன்பின் காணப்படாத என் மகன்’ என்பதற்கு, ‘மை சன், ஹூ வோஸ் ஹேண்டட் ஓவர் அண்ட் ஹேஸ் நொட் பீன் சீன் சின்ஸ்’ என்று எழுதுங்கள். கையளித்தது ஒருநாள் நடந்து முடிந்தது, ஆகவே ‘வோஸ்’. காணாதது இன்றுவரை தொடர்கிறது, ஆகவே ‘ஹேஸ் பீன்’. யாரிடம் கையளித்தீர்கள் என்பது தெரிந்தால் ‘டு’ போட்டு அதையும் எழுதுங்கள். செயப்பாட்டு வினை செய்தவரைச் சொல்லாமல் விட இடம் தருவதால், தெரிந்ததை நாமே சேர்க்கவேண்டும்.

கேள்வி (வவுனியாவிலிருந்து ஓர் அரச அலுவலர்): அறிக்கைகளில் ‘ஹூ வேர்’ என்பதை விட்டுவிட்டு எழுதலாமா?

பதில்: விடலாம். ‘பீப்பிள் டிஸ்பிளேஸ்ட் இன் 2009’ என்பது முழுமையான, சரியான தொடர். விட்டால் இரண்டு சொற்களையும் சேர்த்தே விடுங்கள். ‘ஹூ’வை மட்டும் வைத்து ‘வேர்’ரை விட்டால் மாங்குளத்து மாணவியின் பிழைக்கே திரும்பிவிடுவீர்கள். பல வினைகளில் இறந்தகால வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருப்பதால், ‘த வுமன் இன்டர்வியூட்’ என்று வாசிப்பவர் அந்தப் பெண் யாரையோ நேர்கண்டார் என்றே முதலில் எண்ணுவார். அவ்விடங்களில் ‘பை த கொமிட்டி’ போன்ற தொடர் உடனே பின்வரட்டும். அதற்கு இடமில்லை என்றால் ‘ஹூ வோஸ்’ஸை வைத்தே எழுதுங்கள்.