போர்க்கால டிஸ்ட்ராயர் கப்பல் ஒன்றின் கதையைச் சொல்ல முடியுமா? அந்தக் கப்பல்களின் தபால் கவர்களைச் சேகரிக்கிறார்களாமே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

நான் ஸ்டாம்ப் சேகரிப்பில் ஆரம்பித்து, கப்பல் கவர் பக்கம் வழி தவறி வந்தவன். டிஸ்ட்ராயர் என்றால் சின்ன, வேகமான போர்க்கப்பல். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: அமெரிக்கக் கடற்படையின் யுஎஸ்எஸ் வார்டு. பெயரைக் கேட்டதும் மாநகராட்சி வார்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் அது ஜேம்ஸ் வார்டு என்ற அதிகாரியின் பெயர். 1861இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் உயிரிழந்த முதல் கடற்படை அதிகாரி அவர்.

கப்பலைக் கட்டிய கதையே நம்பும்படி இருக்காது. முதல் உலகப்போரின் கடைசி வருடம். கலிபோர்னியாவில் மேர் ஐலண்டு கடற்படைத் தளத்தில் 1918 மே 15 அன்று அடிக்கட்டை வைத்தார்கள், ஜூன் 1 அன்று தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பதினேழரை நாள்! 314 அடி நீளம், நான்கு புகைபோக்கி. நம்மூரில் அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து முடிக்க மாட்டார்கள். ஆனால் அவ்வளவு அவசரமாகக் கட்டிய கப்பலுக்கு வேலையே இல்லாமல் போனது. போர் முடிந்துவிட்டது. 1921இல் பணியிலிருந்து விலக்கி ஓரமாகக் கட்டிப் போட்டார்கள். திரும்பவும் ஆள் ஏறியது 1941 ஜனவரியில்தான்.

இந்த இருபது வருடத் தூக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கவர் விஷயத்துக்கு இது முக்கியம்.

1941இல் வார்டில் ஏறியவர்களில் பெரும்பகுதி மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் ஊரைச் சேர்ந்த ரிசர்வ் படையினர். கடலே இல்லாத மாநிலத்துப் பையன்கள். கப்பல் ஹவாய்க்குப் போனது. பேர்ல் ஹார்பர் துறைமுக வாயிலுக்கு வெளியே ரோந்து சுற்றுவதுதான் வேலை. டிசம்பர் 5ஆம் தேதி வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ் புது கேப்டனாகப் பொறுப்பேற்றார். தனியாக ஒரு கப்பலை நடத்துவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன், காண்டர் என்ற கண்ணிவாரிக் கப்பல் (கடலில் வைத்த கண்ணிவெடிகளை அகற்றுவது) ஒரு பெரிஸ்கோப்பைப் பார்த்ததாக விளக்குச் சைகையில் சொன்னது. வார்டு தேடியது, ஒன்றும் அகப்படவில்லை. ஆறரைக்கு மேல் ஒரு சரக்குக் கப்பல் படகொன்றை இழுத்துக்கொண்டு துறைமுகத்தை நோக்கி வர, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி ஜப்பானிய நீர்மூழ்கியின் மேல்பகுதி தெரிந்தது. வாயிலில் தடுப்பு வலை திறக்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்துவிடும் திட்டம். 6:45க்கு வார்டு சுட்டது. முதல் பீரங்கியின் குண்டு தவறியது. மூன்றாம் எண் பீரங்கியின் குண்டு நீர்மூழ்கியின் கோபுரத்தில் பாய்ந்தது. அப்புறம் ஆழ்கடல் வெடிகள். பசிபிக்கில் அமெரிக்கா நடத்திய போரின் முதல் குண்டு இதுதான்.

6:54க்கெல்லாம் கரைக்குச் செய்தி போய்விட்டது. ஜப்பானிய விமானங்கள் வந்து பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டது 7:55க்கு. இடையில் முழுசாக ஒரு மணி நேரம். அந்த நேரம் எங்கே போனது என்றால், ‘சரிதானா, இன்னொரு தடவை உறுதிப்படுத்து’ என்று ஒருவரை ஒருவர் போனில் கேட்டுக்கொள்வதில் போனது. ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இதில் அநியாயம் என்னவென்றால், நீர்மூழ்கியை மூழ்கடித்தோம் என்று அந்த மாலுமிகள் சொன்னதைப் பலர் முழுசாக நம்பவில்லை. உடல் கிடைக்காத கொலைக்கேஸ் மாதிரி. 2002 ஆகஸ்டில்தான் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கலங்கள் சுமார் 1,200 அடி ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தன. கோபுரத்தில் குண்டு பாய்ந்த ஓட்டை அப்படியே இருந்தது. இரண்டு டார்பிடோக்களும் சுடப்படாமல் உள்ளேயே இருந்தன. அறுபது வருடம் கழித்துச் சாட்சி கிடைத்தது.

வார்டின் முடிவு இன்னும் விசேஷம். பின்னாளில் அதைத் துருப்புகளை ஏற்றிப்போகும் வேகக் கப்பலாக மாற்றினார்கள். பாய்லர்களில் இரண்டையும் புகைபோக்கிகளில் இரண்டையும் கழற்றிவிட்டு ஆட்களுக்கு இடம் பண்ணினார்கள். 1944 டிசம்பர் 7, அதாவது சரியாக மூன்று வருடம் கழித்து அதே தேதியில், பிலிப்பைன்ஸின் ஓர்மோக் விரிகுடாவில் ஒரு ஜப்பானிய விமானம் அதன் வயிற்றுப் பகுதியில் வந்து மோதியது. தீயை அடக்க முடியவில்லை. ஆட்கள் இறங்கிவிட்டார்கள். மிதந்துகொண்டிருந்த கப்பலைச் சுட்டு மூழ்கடிக்கும்படி பக்கத்திலிருந்த ஓ’பிரையன் டிஸ்ட்ராயருக்கு உத்தரவு வந்தது. ஓ’பிரையனின் கேப்டன் யார் தெரியுமா? அதே அவுட்டர்பிரிட்ஜ். கதையாக யாராவது எழுதியிருந்தால் ‘ரொம்ப சினிமாத்தனம்’ என்று திட்டியிருப்பேன்.

சரி, கவருக்கு வருகிறேன்.

அமெரிக்கக் கடற்படையில் 1908 முதலே கப்பலுக்குள் தபால் நிலையம் உண்டு. மாலுமிகளில் ஒருவரே தபால் குமாஸ்தா, கப்பல் பெயர் போட்ட தனி முத்திரை. வட்டமான முத்திரைக்குப் பக்கத்தில் சில தடித்த கோடுகள் இருக்கும். கோடுகளின் இடைவெளியில் கப்பல் நிற்கும் ஊரின் பெயரையோ அன்றைய விசேஷத்தையோ சின்ன அச்செழுத்தாகக் கோத்துக் குத்துவார்கள். 1930களில் இது ஒரு பைத்தியமாகவே பரவியது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே ஸ்டாம்ப் சேகரிப்பவர், கேட்க வேண்டுமா! சேகரிப்பவர்கள் தங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரைக் கப்பலுக்கு அனுப்பி, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். இடது பக்கம் கப்பல் படம், வாசகம் எல்லாம் அச்சடித்திருப்பார்கள். அந்தப் படத்துக்கு ‘கேஷே’ என்று பெயர். கப்பல் முத்திரைக்காரர்களுக்கென்றே 1932இல் ஒரு சங்கம் தொடங்கி, அது இன்றும் நடக்கிறது. முத்திரையின் வடிவங்களை வகை பிரித்து எண் கொடுக்கும் முறையைக்கூட டாக்டர் லோசி என்பவர் உண்டாக்கிவைத்தார்.

இப்போது அந்தத் தூக்கத்தை நினைத்துப் பாருங்கள். சகட்டுமேனிக்கு எல்லாக் கப்பலிலும் கவர் குத்திக்கொண்டிருந்த 1930களில் வார்டில் ஆளே இல்லை, முத்திரையும் இல்லை. 1941 ஜனவரியில்தான் எழுந்தது. டிசம்பரில் போர் வந்ததும், எதிரிக்குத் துப்பு கிடைக்கக் கூடாது என்று முத்திரைகளிலிருந்து கப்பல் பெயரையே எடுத்துவிட்டார்கள். வெறும் ‘யு.எஸ். நேவி’, தேதி, அவ்வளவுதான். ஆக, அந்த இரண்டாவது வாழ்க்கையில் வார்டின் பெயரோடு முத்திரை விழக்கூடிய காலம் ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. ஊர் ஊராகச் சுற்றி விழா எடுத்த கப்பல்களின் கவர்கள் கட்டுக்கட்டாக, ஒரு டீ, வடை விலைக்குக் கிடைக்கும். வார்டுக்கு அப்படி இல்லை.

முதலில் நான் வாங்கியது ஏமாற்று. இணைய ஏலம், வெளிநாட்டு விற்பனையாளர். கவரில் 1941 டிசம்பர் 7 தேதி, கப்பல் பெயர், ஊதா நிற மூன்று சென்ட் ஜெஃபர்சன் ஸ்டாம்ப், இடது பக்கம் வார்டு சுடுவது போலப் படம். தேதியைப் பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது. போர் மூண்ட அன்றே போரின் படத்தை அச்சடித்து யார் வைத்திருப்பார்கள்? இந்தக் கேள்வி பணம் கட்டிய பிறகுதான் தோன்றியது. கவர் வந்ததும், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை விளக்கணைத்துவிட்டு அடித்துப் பார்த்தேன். காகிதம் சலவைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. காகிதத்தை வெண்மையாகக் காட்டும் அந்த ரசாயனம் பரவலாகச் சேர்ந்தது போருக்குப் பிறகுதான். 1941 காகிதம் மந்தமாக, அழுக்கு நிறத்தில் கிடக்க வேண்டும். என் கவர் எனக்கே ‘ட்யூப்லைட்’ பட்டம் கொடுத்துவிட்டது.

இப்போது என்னிடம் இருக்கும் உண்மையான வார்டு கவரில் படம், அலங்காரம் எதுவும் கிடையாது. 1943ஆம் வருடத்தது. ஸ்டாம்ப்கூட இல்லை. 1942 ஏப்ரலிலிருந்து படையினரின் கடிதத்துக்குக் கட்டணம் வாங்கவில்லை என்பதால், ஸ்டாம்ப் ஒட்டும் மூலையில் பேனாவால் ‘ஃப்ரீ’ என்று எழுதியிருக்கிறது. முத்திரையில் கப்பல் பெயர் இல்லை. கீழே தணிக்கை முத்திரை, அதற்குள் ஓர் அதிகாரியின் கிறுக்கல் இனிஷியல். கப்பலைக் காட்டிக்கொடுப்பது இடது மூலைதான். அங்கே அனுப்பியவர் தன் கையெழுத்தில் ‘யு.எஸ்.எஸ். வார்டு, ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், சான் பிரான்சிஸ்கோ’ என்று எழுதியிருக்கிறார். பதில் வர வேண்டுமே! பெறுபவர் முகவரி செயின்ட் பால். உள்ளே கடிதம் இல்லை. ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் விரலால் கிழித்துத் திறந்திருக்கிறார்கள். யார் திறந்தார்களோ, அவசரம்.

இதற்கு நான் கொடுத்தது இரண்டு பிரியாணி விலை. விற்றவர் இதை ‘போர்க்காலக் கவர், கப்பல் பெயர் இல்லை’ என்ற பெட்டியில் போட்டிருந்தார், மூலையைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

நீங்களும் இறங்குவதாக இருந்தால், முதலில் 1930களின் ஏதாவது ஒரு டிஸ்ட்ராயர் கவரை மலிவாக வாங்கி முத்திரையின் அமைப்பைப் பழகிக்கொள்ளுங்கள். படம் அழகாக இருக்கிறதென்று பணத்தைக் கொட்ட வேண்டாம். பழைய கவரில் பிற்காலத்தில் படம் அச்சடித்து விற்பதும் நடக்கிறது. ‘நேவி’ என்று மட்டும் குத்திய கவர்களின் மூலைகளைப் பொறுமையாகப் படியுங்கள். அப்புறம் அந்த டார்ச். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கவருக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.