எப்போ பார்ப்பார்?

(கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ஐயா,

அப்பா உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறார். இந்தத் தடவை விடாத மழை, மூட்டம். உருளை முழுக்கக் கருகிவிட்டது. பூண்டு தப்பித்தது, ஆனால் வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குக் கொண்டுபோன அன்றைக்கு விலை இல்லை. வண்டி வாடகை, ஆள் கூலி, கமிஷன் போக கையில் நின்றது சொற்பம். பக்கத்துத் தோட்டக்காரர் நிலத்தை விற்றுவிட்டார். அங்கே காட்டேஜ் கட்டுகிறார்கள், அவர் வாசலில் புது கார் நிற்கிறது. செபமாலை சொல்லும்போதே என் மனசு கணக்குப் போடுகிறது.

போன மாதம் அன்பியக் கூட்டத்தில், அதாவது எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டத்தில், ஒரு அக்கா, "கவலைப்படாதே, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றார். "எப்போ பார்ப்பார்?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "விதைப்பூண்டைத் தனியா எடுத்து வை" என்று மட்டும் சொன்னார். நான் கேட்டது விசுவாசக் குறைவா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

பைபிளில் பதின்மூன்றாம் திருப்பாடல் இதே கேள்வியோடுதான் தொடங்குகிறது. இன்னும் எவ்வளவு காலம் என்று முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை கேட்கிறது. அதைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்திருந்தால் அன்பியத்தில் ஒருவரும் தலை தூக்கியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொந்த வாயால் கேட்டுவிட்டீர்கள், அதுதான் சங்கடம்.

ஆகஸ்ட் 14, 15-இல் கொடைக்கானல் சலேத் மாதா திருவிழாவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். மேல்மலையே இறங்கி வருகிற திருவிழா. ஆனால் அந்த மாதா எதைப் பற்றிப் பேசினாள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினாள்.

1846 செப்டம்பர் 19. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், லா சலேத் என்ற சிற்றூருக்கு மேலே இரண்டு பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். மெலனிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11. முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டதாக அவர்கள் சொன்னார்கள். கிழங்கு அழுகுவதையும் கோதுமை பொடியாய் உதிரப்போவதையும் அவள் சொல்லிவிட்டு, "கெட்டுப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். பையன் இல்லை என்றான். பார்த்திருக்கிறாய், உன் அப்பாவோடு போனபோது பார்த்தாய் என்று அவள் ஞாபகப்படுத்தினாள். ஒரு தோட்டக்காரர் தன் கோதுமையைக் காட்டக் கூப்பிட்டாராம். அப்பாவும் மகனும் கதிரைக் கையில் வைத்துக் கசக்கினார்களாம், எல்லாம் தூசாகிவிட்டதாம். திரும்பி வரும் வழியில் அப்பா ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து, இந்த வருஷமாவது சாப்பிடு மகனே, இப்படியே போனால் அடுத்த வருஷம் யார் சாப்பிடப்போகிறார்களோ என்றாராம்.

பையன் மறந்தே போயிருந்தான்.

அவன் அப்பா வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர், கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர். அன்றைக்கு அவர் செபம் எதுவும் சொல்லவில்லை, பிள்ளைக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டே புலம்பினார், அவ்வளவுதான். ஆளில்லாத வழியில் சொன்ன அந்தப் புலம்பல் மாதாவின் காதில் விழுந்திருக்கிறது என்று மகன் வந்து சொன்னபோது அவர் மனம் திரும்பினார். சலேத் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். உங்கள் கேள்வியும் அப்படி ஒரு புலம்பல்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அந்தச் செய்தியில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஞாயிறு அனுசரிக்காததால்தான், இயேசுவின் பெயரை இழுத்துத் திட்டுவதால்தான் பயிர் கெடுகிறது என்றும் அதில் வருகிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் அப்பாவிடம் வந்து பேச எனக்கு வாய் வராது. அதே வருஷங்களில் அயர்லாந்தில் இதே கருகல் நோயால் கிழங்கு அழுகி, பஞ்சத்திலும் நோயிலும் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். பெரும்பாலும் பக்தியுள்ள கத்தோலிக்க ஏழைகள். உங்கள் தோட்டத்தில் இலை ஓரம் கறுத்து, அடிப்பக்கம் வெள்ளையாய்ப் பூத்து, சில நாளில் பாத்தியே நாறிப்போனதே, அதைச் செய்ததும் அந்த நோய்க்கிருமிதான். குளிரும் ஈரமும் சேர்ந்து நின்றால் பாவி தோட்டம், புண்ணியவான் தோட்டம் என்று அது பார்ப்பதில்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்றுதானே இயேசு சொன்னார்.

இதற்கு ஒரு மருந்தும் கிடைத்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. 1885-இல் அதே பிரான்சில், திராட்சைக்காகக் கண்டுபிடித்தார்கள், அப்புறம் உருளைக்கும் கேட்டது. கடவுள் பார்த்துக்கொண்டார் என்று இதையும் சொல்லலாம். ஆனால் அயர்லாந்துக்கு நாற்பது வருஷம் தாமதம். "எப்போ?" என்ற கேள்வியை என்னால் லேசாக ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்த கார். இங்கே நான் உங்கள் பக்கம் முழுசாக இல்லை. விடுதலைப் பயண நூல் 16-ஆம் அதிகாரத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிப் பாலைவனத்துக்கு வந்த இஸ்ரயேல் மக்கள் பசியில் முணுமுணுக்கிறார்கள், கடவுள் திட்டவில்லை, வானத்திலிருந்து மன்னா என்ற உணவைத் தருகிறார். எண்ணிக்கை நூல் 11-இலும் முணுமுணுக்கிறார்கள், இந்த முறை அவருக்குக் கோபம் வருகிறது. மன்னா இருக்கும்போதே எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். ஆமாம், பூண்டுதான்! அங்கே சும்மா கிடைத்தது என்கிறார்கள், செங்கல் அறுத்த அடிமைப் பாடு மறந்துவிட்டது. அன்பியத்தில் நீங்கள் கேட்டது முதல் வகை. செபமாலைக்கு நடுவே பக்கத்து வாசலைப் பார்ப்பது இரண்டாவது வகையில் போய் முடியும். நிலத்தை விற்றவர் என்ன கடனில் விற்றார், இப்போது எப்படித் தூங்குகிறார் என்பது நமக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் இல்லை.

அப்பா சொன்ன விதைப்பூண்டு விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளுக்கென்று எடுத்து வைத்த மன்னாவில் புழு வைத்தது என்பதைக் காட்டி, நாளைக்கென்று சேர்ப்பதே அவிசுவாசம் என்று பேசுகிறவர்கள் உண்டு. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாள் இரட்டிப்பாய்ச் சேர்க்கச் சொன்னதும், அது கெடாமல் இருந்ததும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. கையில் காசில்லாத நேரத்தில், விற்றால் நாலு காசு கூடக் கிடைக்கக்கூடிய நல்ல திரட்சியான பூண்டாகப் பார்த்துப் பொறுக்கி, கட்டித் தொங்கவிடச் சொல்கிறார் உங்கள் அப்பா. அடுத்த போகம் உண்டு என்று நினைக்காதவர் அதைச் செய்ய மாட்டார். நீங்கள் கேட்டதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருவேளை அவருக்கும் அதே கேள்வி இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக அந்த அக்கா. அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பசித்தவனிடம் பசியாறு என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு திருமுகம் கேட்கிறது. அடுத்த கூட்டத்தில் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: விதை உருளை வாங்க அன்பியத்திலிருந்து கைமாற்றாக எவ்வளவு கொடுக்க முடியும், எப்போது? உங்கள் தோட்டம் மட்டும் கருகியிருக்காது. நீங்கள் கேட்டால் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.