மனைவி கர்ப்பம்: முடி உதிர்வு லோஷனைப் பூசலாமா?

கேள்வி: எனக்கு வயது 30, ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். உச்சந்தலையில் முடி கொட்டுகிறது. போர்வெல் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். மருந்துக் கடையில் மினாக்ஸிடிலும் ஃபினாஸ்டெரைடும் கலந்த லோஷன் கொடுத்தார்கள். மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி. முகப்பரு உள்ள என் தங்கையும் இதைப் பூசலாமா?

பதில்: தங்கை பூசவே கூடாது. நீங்களும் இப்போதைக்கு மூடி வையுங்கள்.

உப்புத் தண்ணீர் முடியை வறட்டும், முறிக்கும். உச்சியை மட்டும் பார்த்து வழுக்கையாக்காது. அங்கே வேலை செய்வது தோலில் உள்ள 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அது இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. பரம்பரையாக அதைத் தாங்காத வேர்க்கால்கள் சிறுகச் சிறுகச் சுருங்குகின்றன. இந்த நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களை டொமினிக்கன் குடியரசில் கண்டு 1974-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைடு அந்த வழியில் வந்ததுதான். முடிக்கான 1 மி.கி. மாத்திரைக்கு அமெரிக்கா 1997-இல் அனுமதி தந்தது.

உங்கள் வீட்டுக்கான எச்சரிக்கையும் அந்த டொமினிக்கன் ஆண்களிடமே இருக்கிறது. அவர்களில் பலர் பிறந்தபோது பெண் குழந்தைகள் என்றே கருதப்பட்டார்கள். ஆண் சிசுவின் வெளியுறுப்பு முழுமையாக உருவாக டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அதற்கான முக்கியக் காலம் முதல் மூன்று மாதங்கள். லோஷன் கையிலும் தலையணையிலும் ஒட்டும், தோல் வழியே உள்ளே போகும். குழந்தை பிறக்கும்வரை அது வீட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. முழு மாத்திரையை நீங்கள் விழுங்குவதால் மனைவிக்கு ஆபத்து வருவதாகத் தெரியவில்லை. உடைந்த மாத்திரையை மட்டும் அவர் தொடக்கூடாது. அதையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடங்காதீர்கள். சிலருக்குப் பாலுணர்வு குறைகிறது, மனச்சோர்வு வருகிறது. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்று 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிசெய்தது. மனம் சோர்ந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை ரத்ததானமும் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

தங்கையின் சிக்கல் வேறு. முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளில் இருப்பது பெரும்பாலும் இந்த நொதியின் முதல் வகை. ஃபினாஸ்டெரைடு முக்கியமாகத் தடுப்பது இரண்டாம் வகையை. முதல் வகையை மட்டும் தடுக்கும் மருந்தையும் பருவுக்குச் சோதித்தார்கள், பலிக்கவில்லை. மினாக்ஸிடில் பட்டால் முகத்தில் முடி வளரலாம். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, தாடையில் முடி தடிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ ஜிப்மர் தோல் பிரிவிலோ காட்டி, ஹார்மோன் பரிசோதனை தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள்.