256 ஜிபி டிஸ்க்கில் பிட்காயின் நோடு ஓடுமா?

வாசகர் கேள்வி: பிட்காயின் நோடு, அதாவது பரிவர்த்தனைகளைத் தானே சரிபார்க்கும் கணினி, ஓட்ட ஆசை. என் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டிதான். எல்லாப் பரிவர்த்தனைகளும் பிளாக் பிளாக்காக அடங்கிய முழு செயினும் 600 ஜிபியைத் தாண்டிவிட்டதாம். டோரண்ட் மாதிரி ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ள வழியில்லையா? புரூன் செய்தால், அதாவது பழைய பிளாக்குகளை அழித்தால், பாதுகாப்பு குறையுமா?

முதலில் பயத்தை விடுங்கள், பாதுகாப்பு குறையாது. புரூன் நோடும் 2009-இன் முதல் பிளாக்கிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, சரிபார்த்து, அதன் பிறகுதான் பழையதை அழிக்கிறது. செலவாகாத காசுகளின் பட்டியல் மட்டும் முழுசாகக் கையில் இருக்கும், அதற்குப் பத்து ஜிபிக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஆனால் 600 ஜிபிக்கு மேல் டவுன்லோடு ஆகத்தான் செய்யும், டேட்டா பேக் பார்த்துக்கொள்ளுங்கள்.

துண்டாகப் பிரிக்கும் யோசனை பல வருடங்களாகவே பேசப்படுகிறது. யாரோ பொய் பிளாக்கைத் தந்துவிடுவார்களோ என்பது இங்கே பிரச்சினையே இல்லை, பிளாக்கின் கைரேகை போன்ற ஹாஷைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று நெட்வொர்க் முழுக்க அறிவிப்பதும், அப்படி அறிவித்தால் உங்கள் நோடுக்கு ஓர் அடையாளம் விழுந்துவிடுவதும்தான் சிக்கல். இன்ன வரம்பு பிளாக்குகளை வைத்திருப்பவர் என்று தெரிந்தால், ஐபி மாறினாலும், ஐபியை மறைக்கும் டார் நெட்வொர்க்குக்குள் போனாலும் ஆளைப் பிடித்துவிடலாம் இல்லையா? அதனால்தான் பிப் 159 என்ற நெறிமுறைப்படி, நீங்கள் 50 ஜிபி வைத்திருந்தாலும் சரி, 550 எம்பி வைத்திருந்தாலும் சரி, புரூன் நோடு கடைசி 288 பிளாக்குகளை, அதாவது ஏறக்குறைய இரண்டு நாள் கணக்கை மட்டும்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கும். அதைவிடப் பழையதைக் கேட்டு வருகிற நோடின் இணைப்பைத் துண்டித்துவிடும். கறாராகத் தெரியலாம், எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

இன்னொரு கிரிப்டோ நெட்வொர்க்கான எத்தீரியம் வேறு பாதையில் போகிறது. மைனிங்கைக் கைவிட்ட 2022 செப்டம்பர் மாற்றமான மெர்ஜுக்கு முந்தைய பிளாக்குகளை நோடுகள் அழித்துக்கொள்ள 2025 ஜூலையில் வழி செய்தார்கள், டிஸ்க்கில் 300 முதல் 500 ஜிபி வரை இடம் மிச்சமாகும். அந்தப் பழைய வரலாறு தனிக் கோப்புகளாக வெளியே கிடைக்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: நோடு மென்பொருளான பிட்காயின் கோரின் கான்ஃபிக் கோப்பில் புரூன் அளவை 50000 என்று கொடுங்கள். எம்பி கணக்கு அது, சுமார் அரை வருட பிளாக்குகள் தங்கும். பழைய வாலட் இருந்தால் ஒத்திசைவு தொடங்கும் முன்பே ஏற்றிவிடுங்கள், இதை மறக்கவே கூடாது. அழிந்த பிளாக்குகளில் ரீஸ்கேன், அதாவது வாலட்டின் பழைய பரிவர்த்தனைகளைத் தேடுவது, நடக்காது, திரும்ப முதலிலிருந்து இறக்க வேண்டியதுதான். எல்லாப் பரிவர்த்தனைகளையும் தேட உதவும் அட்டவணையான டிஎக்ஸ் இன்டெக்ஸும் புரூனும் ஒன்றாக ஓடாது.

புதிதாக வருகிறவர்களுக்கு முழு வரலாற்றையும் கொடுக்கிற நோடாக இருக்கத்தான் ஆசை என்றால் 2 டிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். 1 டிபி இப்போதைக்குப் போதும், ஆனால் வருடத்துக்கு 80 ஜிபிக்கு மேல் ஏறுகிற செயினுக்கு அது ரொம்ப நாள் தாங்காது.